பழைய கடைவீதியும் புதிய கணினிப் பேட்டையும்

சேலத்தை அடுத்த கருப்பூரில், 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், சிறிய டைடல் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. கணினி நிறுவனங்கள் வாடகைக்கு அமர்ந்து தொழில் நடத்துவதற்காக எழுப்பப்பெற்ற கட்டடம் அது. அதன் பிறகு வெண்ணந்தூர் வட்டாரத்துச் சங்கங்களில் ஒரு பேச்சு அடிக்கடி எழுகின்றது. "நகரத்தின் நடுவிடம் இனி ஓமலூர்ச் சாலைக்குப் போய்விடும்; செவ்வாய்ப்பேட்டையும் கடைவீதியும் பழங்கதையாகும்; நம் விற்பனை நிலையத்தையும் காலத்தே அங்கு மாற்றிக்கொள்ள வேண்டும்" என்பர் ஒரு சாரார். "கம்ப்யூட்டர் வேலைக்காரர் கைத்தறியைத் திரும்பிப் பார்ப்பாரா? அதற்கும் நமக்கும் என்ன தொடர்பு?" என்பர் மற்றொரு சாரார்.

இரண்டு சாராரும் ஆராயாது பேசுகின்றனர் என்றே சொல்லவேண்டும். தனி முதலாளி ஒருவர் கடையை இடம் மாற்றி நட்டப்பட்டால் அவர் குடும்பமே அதைத் தாங்கும். சங்கத்தின் பணமோ, தறிக்குழியில் அமர்ந்து உழைப்போர் கூலியிலிருந்து சிறுகச் சிறுகக் கட்டிய பங்குத்தொகை. அதை வாடகை முன்பணமாகக் கொட்டுமுன், புதிய பேட்டைகள் எழுந்த ஊர்களில் பழைய கடைவீதிகள் என்னவாயின என்பதை அறிந்துகொள்வது அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் கடமையாகும்.

சேலத்தின் இரு பகுதிகள்

செவ்வாய்ப்பேட்டை, பெயரே காட்டுவதுபோல், செவ்வாய்க்கிழமைச் சந்தையால் வளர்ந்த இடம் என்பர். தானியமும் மளிகையும் மொத்தமாகக் கைமாறும் லீ பஜார் அங்கேதான் உள்ளது. அம்மாப்பேட்டையும் குகையும் நெசவாளர் குடியிருப்புகள். தறியும் வண்டியும் வணிகரும் ஒருவரை ஒருவர் நடந்தே சென்று காணக்கூடிய தொலைவில் அமைந்தமையால் பழைய நகரம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றது.

ஓமலூர்ச் சாலைப் பகுதி வேறு வகையில் வளர்ந்தது. 1966இல் அரசினர் பொறியியற் கல்லூரியும், 1997இல் பெரியார் பல்கலைக்கழகமும் கருப்பூர்ப் பக்கம் தோன்றின. ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் நிறுவனம் சுமார் 53 ஏக்கரில் தகவல் தொழில்நுட்பச் சிறப்பு மண்டலம் அமைத்தது. கல்லூரி, நெடுஞ்சாலை, அகன்ற நிலம் ஆகிய மூன்றும் கூடிய இடத்தைக் கணினித் தொழில் நாடுவது இயல்பு.

இங்குக் கூட்டுறவாளர் மறக்கக்கூடாத செய்தி ஒன்று உண்டு. கணினி வருமுன்பே, 1981இல் தோன்றிய சேகோசர்வ் என்னும் ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் அதே ஜாகீர் அம்மாபாளையத்தில் நிலைகொண்டது. உறுப்பினர் ஆலைகளின் சரக்கைத் தன் கிடங்கில் இருப்பு வைத்து, மாதிரி எடுத்து, டெண்டர் முறையில் அது விற்றுத் தருகின்றது. மூட்டைகளை அடுக்கவும் லாரிகள் திரும்பவும் இடம் வேண்டியிருந்தது. ஆகவே பழைய பேட்டையின் சந்துகளை விட்டு அது வெளியே அமைந்தது. இடம் மாறுவது கூட்டுறவுக்குப் புதிதன்று. எந்தச் சரக்குக்கு எந்த இடம் என்பதே கேள்வி.

சின்னத் தறிப்பேட்டை

இக்கேள்விக்கு விடை தேடச் சென்னையைக் காட்டிலும் நல்ல பாடசாலை இல்லை. அந்நகரம் துணி வாணிகத்துக்காகவே எழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1639இல் அங்கு இடம் பெற்றதற்குத் தலையாய காரணம் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியே. ஏற்றுமதிக்குத் துணி போதாமையால், ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில், 1734இல், நூற்போரையும் நெய்வோரையும் குடியேற்றுவதற்கென்றே ஒரு தனிப்பேட்டை அமைக்கப்பட்டது. குடியேறுவோருக்கு மனையும், வீடு கட்ட முன்பணமும் கிடைத்தன. அதுவே சின்னத் தறிப்பேட்டை, இன்றைய சிந்தாதிரிப்பேட்டை.

மனை அளித்து, சலுகை காட்டி, ஒரே தொழிலினரை ஓரிடத்தில் திரட்டும் இம்முறை இன்றைய கணினிப் பூங்காவின் முறையே அன்றோ? அந்தப் பேட்டையில் துணியை வாங்கியவர் கம்பெனியார். அவர்களுடைய நாட்டில் ஆலைத்துணி பெருகி, அவர்கள் நம் துணியை வாங்குவதை விட்டபோது, பேட்டைக்கு வேறு பிழைப்பு இருக்கவில்லை. இன்று அங்குத் தறியோசை இல்லை. ஊரின் பெயரில் மட்டுமே தறி எஞ்சியுள்ளது. ஒரே தொழிலையும் ஒரே வாங்குவோரையும் நம்பிய பேட்டைக்கு இதனால் என்ன நேரும் என்பது நெசவாளராகிய நமக்கு எளிதில் விளங்கும்.

எது பெயர்ந்தது, எது பெயரவில்லை

கோட்டைக்கு வடக்கே அமைந்த வணிக நகரம் 1911 முதல் ஜார்ஜ் டவுன் எனப் பெயர் பெற்றது. பாரிமுனை, துறைமுகம், உயர்நீதிமன்றம் ஆகியவற்றைச் சூழ்ந்து நெடுங்காலம் அதுவே சென்னையின் நடுவிடமாக விளங்கியது. பின்னர் அலுவலகங்கள் மவுண்ட் ரோடு பக்கம் நகர்ந்தன; 1959இல் அங்கு எழுந்த ஆயுள் காப்பீட்டுக் கழகக் கட்டடம் அம்மாற்றத்தின் அடையாளம். தரமணியில் டைடல் பூங்கா 2000ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் திறக்கப்பட்டது. பழைய மாமல்லபுரம் சாலை கணினி நிறுவனங்களின் நெடுந்தெருவாக மாறி, 2008இல் ராஜீவ் காந்தி சாலை எனப் பெயர் மாற்றம் பெற்றது. உப்பங்கழியும் வயலுமாக இருந்த இடங்களில் கண்ணாடி மாளிகைகள் எழுந்தன.

இத்தனைக்கும் பிறகு ஜார்ஜ் டவுனில் துணி வாணிகம் ஒழிந்ததா? இல்லை. கோடவுன் தெருவில் இன்றும் ஜவுளி மொத்த வியாபாரம் நடைபெறுகின்றது. ஆனால் அதே ஜார்ஜ் டவுனில் இருந்த கொத்தவால் சாவடிக் காய்கறி மொத்தச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் பெயர்ந்துவிட்டது. இரண்டும் ஒரே பழைய நகரில் இருந்தவை; ஒன்று நின்றது, மற்றொன்று பெயர்ந்தது.

காரணம் சரக்கின் தன்மையில் உள்ளது. காய்கறி ஒரு நாளில் வாடுவது. ஒவ்வோர் இரவும் லாரி லாரியாக வந்து விடியுமுன் பிரிந்தாக வேண்டும். இடுக்கான தெரு அதற்குப் பகை. துணி வாடாது; மூட்டையாகக் கட்டிப் பார்சலில் அனுப்பலாம். வெளியூர்க் கடைக்காரர் நாற்பது கடைகளை நடந்து பார்த்து, விலையை ஒப்பிட்டு, பழக்கத்தின்பேரில் கடன் தவணையும் பெறுவதற்குக் கடைகள் நெருங்கியிருப்பதே வசதி. அந்தப் பழக்கத்தையும் கடன் நம்பிக்கையையும் புதிய கட்டடத்தில் ஒரே நாளில் உண்டாக்கிவிட முடியாது.

சில்லறை விற்பனை மூன்றாவது வகை. கணினிச் சாலையில் சம்பளம் பெறுவோர் தீபாவளிப் புடவையை எங்கு வாங்குகின்றனர்? பெரும்பாலோர் விடுமுறை நாளில் குடும்பத்தோடு தியாகராய நகருக்குச் செல்கின்றனர். 1920களில் உருவான அந்நகர், இன்று சென்னையின் பழைய பகுதிகளுள் ஒன்றே. ஆயினும் மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டிய ரங்கநாதன் தெருவில் விழாக்காலத்தில் நிற்க இடமிராது. அலுவலகப் பேட்டையோ சனி, ஞாயிறு இரு நாளும் ஆளற்றுக் கிடக்கும். துணி வாங்க மக்கள் வெளியே புறப்படும் நாள் எதுவோ, அந்நாளே அங்குக் கூட்டமில்லாத நாள். இதை மறந்து அங்கு நிரந்தரக் கடை திறப்பவர், வாரத்தில் ஐந்து நாள் பகலுணவு வேளையையும் மாலை ஒரு மணி நேரத்தையும் நம்பியே முழு மாத வாடகையைக் கொடுக்க நேரும்.

பெங்களூரின் சான்று

நம் வட்டாரப் பட்டுக்குப் பழக்கமான பெங்களூரும் இதையே கூறுகின்றது. கெம்பே கௌடர் 1537இல் அமைத்த பேட்டையின் ஒரு பகுதியே சிக்பேட்டை. கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978இல் எலக்ட்ரானிக் சிட்டியை அமைக்கத் தொடங்கியது. பின்னர் ஒயிட்பீல்டும் வளர்ந்து, உலகமே பெங்களூரை அவற்றின் பெயரால் அறியலாயிற்று. சிக்பேட்டையில் பட்டுப்புடவை வாணிகம் அதனால் நின்றுவிடவில்லை.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. சிக்பேட்டைக்கு மெட்ரோ ரயில் 2017இல் வந்தது. எலக்ட்ரானிக் சிட்டிக்கு 2025 ஆகஸ்டில்தான் வந்தது. தோன்றி 47 ஆண்டுகள் கழிந்த பின்னரே அங்கு ரயில் எட்டியது. சென்னையிலும் உயர்நீதிமன்றம், மண்ணடி நிலையங்கள் 2019இல் திறக்கப்பட்டன. கணினிச் சாலையின் மெட்ரோ தடமோ இரண்டாம் கட்டத் திட்டத்தில்தான் சேர்க்கப்பட்டது. பழைய நடுவிடத்துக்கு எல்லாத் திசையிலிருந்தும் வழி உண்டு. புதிய பேட்டைக்கு ஒரு சாலையே வழி. சேலத்திலும் அரசு பழைய நகரைக் கைவிட்டுவிடவில்லை. பழைய பேருந்து நிலையம் இடித்துக் கட்டப்பெற்று, ஈரடுக்கு நிலையமாக 2023 ஜூனில் திறக்கப்பட்டது. வெண்ணந்தூரிலிருந்து புறப்படும் அங்கத்தினர் கருப்பூர் செல்லவேண்டுமானால் சேலம் நகரைக் கடந்தே செல்லவேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க.

வாடகைக் கணக்கு

இனி நம் கணக்கைப் பார்ப்போம். உதாரணத்திற்காக மட்டும் சில தொகைகளைக் கொள்வோம். நூல் விலை, நெசவுக் கூலி முதலியன போகச் சங்கத்துக்கு விற்பனையில் நூற்றுக்கு 10 ரூபாய் நிற்பதாகவும், ஒரு புடவை விலை 1,000 ரூபாய் எனவும் வைத்துக்கொள்வோம். பழைய கடைவீதியில் மாத வாடகை 12,000 ரூபாய் எனில், வாடகையை ஈடுசெய்ய மட்டும் 1,20,000 ரூபாய்க்கு, அதாவது 120 புடவை விற்கவேண்டும். புதிய பகுதியில் வாடகை 40,000 ரூபாய் எனில், 400 புடவை விற்கவேண்டும். விற்பனையாளர் சம்பளமும் மின்கட்டணமும் இதில் சேரவில்லை.

கருப்பூர்ப் பூங்கா ஏறத்தாழ 55,000 சதுர அடிப் பரப்புடையது. தரமணி டைடல் பூங்காவோ ஏறத்தாழ 12,80,000 சதுர அடி. நம்முடையது அதில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்கு அமரக்கூடியவர் சில நூறு பேரே. மாதம் 400 புடவை விற்க வேண்டுமாயின், அங்குள்ள ஒவ்வொருவரும், ஆடவர் பெண்டிர் எல்லோரும், மாதந்தோறும் ஏறத்தாழ ஒரு புடவை வாங்கவேண்டும்! எந்தச் சம்பளக்காரர் வீட்டிலும் இது நடவாது.

அதற்கு மாறாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சம்பளம் வந்த முதல் வாரத்தில், அனுமதி பெற்று இரண்டு நாள் மட்டும் அங்கு விற்பனை நடத்துவதாகக் கொள்வோம். இடக்கட்டணமும் வண்டிச்செலவும் 8,000 ரூபாய் எனில், 80 புடவை விற்றால் அச்செலவு தீர்ந்துவிடும். பண்டிகைக்கு முந்திய வாரமாயின் அது எட்டக்கூடிய அளவே. விற்காத சரக்கும் மூட்டையோடு பழைய டிப்போவுக்குத் திரும்பிவிடும், தேங்கிக் கிடக்காது. இத்தகைய கணக்கை ஒவ்வொரு சங்கமும் தன் சொந்தப் புத்தகத்தில் உள்ள தொகைகளைக் கொண்டு போட்டுப் பார்த்தல் வேண்டும். ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களில், டிப்போவின் மொத்த விற்பனையைச் சொல்லத் தெரிந்த பலருக்கு, வாடகையை ஈடுசெய்ய எத்தனை உருப்படி விற்கவேண்டும் என்பதைச் சொல்லத் தெரிவதில்லை.

உழவர் அங்கத்தினர்க்கு

மரவள்ளியும் பருத்தியும் விளைப்போருக்கு இவ்விவாதம் வேறு விதமாகப் பொருந்தும். மரவள்ளி ஆலைக்குச் செல்வது. பருத்தி ராசிபுரம் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் ஏலத்துக்குச் செல்வது. இவ்விரண்டுக்கும் கணினிப் பேட்டையால் உடனடி மாற்றம் இல்லை. காய்கறி, கீரை, பழம் விளைப்போரே கவனிக்கவேண்டும். 1999இல் தொடங்கிய உழவர் சந்தைகள் குடியிருப்புகளை ஒட்டி அமைந்தமையால் நிலைத்தன. ஓமலூர்ச் சாலையில் அலுவலகம் பெருகினால் உணவு விடுதிகளும் மாணவர், பணியாளர் விடுதிகளும் பெருகும். அவற்றின் சமையலறைகளே உழவரின் புதிய வாடிக்கை. நாள்தோறும் குறித்த எடையில் காய்கறி தருவதாகத் தனி உழவர் ஒருவர் உறுதி கூற இயலாது. பத்துப் பேர் சேர்ந்த குழு கூறலாம்.

ஆயினும் அந்த ஒன்றையே நம்பிவிடலாகாது. 2020இல் கொள்ளைநோய் பரவியபோது கணினி நிறுவனங்கள் பணியாளரை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. அவர்களை நம்பியிருந்த விடுதிகளும் சிற்றுண்டிக் கடைகளும் வெறிச்சோடின. அதே ஆண்டு மே மாதத்தில் கோயம்பேட்டுச் சந்தையும் மூடப்பட்டது. திருமழிசையில் தற்காலிகச் சந்தை நடந்து, செப்டம்பரில்தான் கோயம்பேடு மீண்டும் திறந்தது. ஒரே வாசலில் சரக்கை இறக்கியவர் பட்ட துன்பம் பெரிது. இரண்டு மூன்று வாசல் வைத்திருந்தவர் ஓரளவு தப்பினர்.

நம் பிள்ளைகள்

துணியையும் காயையும் விட மேலான பொருள் ஒன்றுக்காகவும் புதிய பேட்டை போட்டியிடுகின்றது. அது நம் பிள்ளைகளின் உழைப்பு. தறிவீட்டுப் பிள்ளைகள் பலர் பொறியியல் படித்துப் பெங்களூரிலும் சென்னையிலும் அறை எடுத்துத் தங்குகின்றனர். சம்பளத்தில் நற்பகுதி அங்கேயே வாடகையாகவும் உணவாகவும் கரைகின்றது. சேலத்திலேயே அத்தகைய வேலை கிடைத்தால், காலையில் பேருந்து ஏறி மாலையில் வீடு திரும்பலாம். முதிய பெற்றோருக்குத் துணை இருக்கும். தறியின் வரவோடு சம்பளமும் ஒரே அடுப்பில் சேரும். இதை எண்ணும்போது கருப்பூர்க் கட்டடத்தைப் பகையாகக் கருத எவருக்கும் மனம் வராது.

ஆனால் சில நூறு இருக்கை எல்லாப் பிள்ளைகளுக்கும் போதாது. எனவே கணினி அறிவைத் தறிப்பக்கம் கொண்டுவரும் வழியையும் தேடவேண்டும். கணினித் தொழில் நடக்கும் இடம் வேறு. கணினி பயன்படும் இடம் வேறு. சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கல்லூரி 1960 முதல் இயங்கி வருகின்றது. ஜக்கார்டு அட்டைக்குரிய பூவேலையை இன்று கணினியில் வரைகின்றனர். கோ-ஆப்டெக்ஸ் இணையவழியிலும் துணி விற்கின்றது. பழைய கடைவீதியின் பூக்காரரும் கைப்பேசி வழியே பணம் பெறுகின்றார். நம் சங்கங்களிலோ, இருப்புப் பட்டியல் ஒரு தடித்த புத்தகத்தில் எழுத்தர் ஒருவர் கையில் மட்டும் இருப்பதை இன்னும் காணலாம். அவர் விடுப்பில் சென்றால் எந்த ரகம் எத்தனை உள்ளது என்பதை எவரும் அறியார்.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படும்.

1. மொத்த வியாபாரத் தொடர்பும் கடன் நம்பிக்கையும் பழைய கடைவீதியில் உள்ளவரை, அங்குள்ள விற்பனை நிலையத்தைக் கைவிடலாகாது. பல ஆண்டு அனுபவித்த வாடகை உரிமையை ஒருமுறை விட்டால் அதே வாடகைக்கு மீண்டும் கிடைப்பது அரிது.

2. புதிய பகுதியில் நிரந்தரக் கடைக்கு முன்பணம் கட்டுமுன், ஓராண்டு அவ்வப்போது இரு நாள் விற்பனை நடத்திப் பார்க்கவேண்டும். பக்கத்துச் சங்கங்கள் சேர்ந்து நடத்தினால் வண்டிச்செலவு பகிரப்படும், ரகங்களும் கூடும்.

3. அலுவலகம் செல்வோர் நாள்தோறும் உடுத்தத்தக்க எடை குறைந்த பருத்திப் புடவை, சட்டைத்துணி, துண்டு, போர்வை ஆகியவற்றைச் சிறிது நெய்து பார்க்கவேண்டும். முகூர்த்தப் பட்டு மட்டும் அங்கு விலைபோகாது.

4. அங்கத்தினர் குடும்பத்துப் படித்த பிள்ளை ஒருவரைப் பகுதிநேரத்துக்கேனும் அமர்த்தி, இருப்புக் கணக்கையும் ரகங்களின் படங்களையும் கணினியில் ஏற்றச் செய்யவேண்டும்.

5. விற்பனை நிலையம் பற்றிய எந்த முடிவும், வரவு செலவுக் கணக்கோடு பொதுப்பேரவையின் முன் வைக்கப்படவேண்டும். நிர்வாகக் குழுவினர் சிலர் கூடி முடித்துவிடும் காரியமன்று இது.

சின்னத் தறிப்பேட்டை நெசவாளர் திறமையில் குறைந்தவர் அல்லர். எங்கு விற்பது, எவருக்கு விற்பது என்பதை முடிவு செய்யும் உரிமை அவர்கள் கையில் இருக்கவில்லை. அதற்கு ஒரு சங்கமும் இருக்கவில்லை. நமக்கு அவ்வுரிமை சட்டத்தால் கிடைத்துள்ளது. ஓர் அங்கத்தினர்க்கு ஒரு வாக்கு என்ற நெறியும் உண்டு. வரும் பேரவைக் கூட்டத்தில் இப்பொருள் எழும்போது, கடைவீதி டிப்போவின் கடந்த மூன்றாண்டு வாடகையையும் விற்பனையையும் முதலில் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்ட பின்னர் உங்கள் வாக்கை அளியுங்கள்.